மாதவிடாய் நின்ற பின் உதிரப்போக்கு: முதலில் காரணம், பிறகு சிகிச்சை

மாதவிடாய் நின்று பன்னிரண்டு மாதங்கள் முழுமையாகக் கடந்துவிட்ட பெண்ணுக்கு மீண்டும் உதிரம் பட்டால், அது எவ்வளவு சிறிதாயினும், மாதவிடாய் அன்று. உள்ளாடையில் ஒரே ஒரு நாள் தெரிந்த பழுப்புக் கறையாயினும், சிறுநீர் கழித்துத் துடைக்கையில் கண்ட இளஞ்சிவப்பாயினும், காரணம் கண்டறியப்பட வேண்டிய உதிரப்போக்கு என்றே மருத்துவம் அதனைக் கொள்கிறது. சிறிதளவே பட்டது என்பதால் காரணமும் சிறியது என்று கொள்ள முடியாது. மிகுதியாகப் பட்டது என்பதால் நோய் கொடியது என்றும் கொள்ள முடியாது.

இக்குறையோடு நம் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினர் மிகத் தாமதமாக வருகின்றனர். உடற்சூடு என்று கருதி இளநீரும் வெந்தயமும் உட்கொண்டு பார்த்து, மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மருமகளிடம் மறைத்து, ஏழெட்டு மாதங்கள் கழித்து இரத்தசோகையோடு வருவர். மறு வகையினர் முடிவோடு வருகின்றனர். "இனி அது எதற்கு டாக்டர், எடுத்துவிடுங்கள்" என்பதே அவர்கள் முதலில் சொல்வது. முன்னவர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகின்றனர். பின்னவர் அதனைத் தாண்டிச் செல்ல விரும்புகின்றனர். இரண்டிலும் இழப்பு நோயாளிக்கே. ஆகவே எந்தப் பரிசோதனை, எந்த வரிசையில், எதற்காக என்பதை இங்கு விளக்க முற்படுகிறேன்.

எது இயல்பு, எது மாறுபாடு

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 46 அல்லது 47. மேலை நாட்டுப் பெண்களுக்கு அது 51 அளவில் நிகழ்கிறது. நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகள் இடைமாற்றக் காலம். சினைப்பையிலிருந்து மாதந்தோறும் முட்டை வெளிப்படுவது அப்போது ஒழுங்கு தவறுகிறது. இயல்பான மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் கருப்பையின் உட்சவ்வை வளர்க்கிறது. முட்டை வெளிப்பட்ட பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அவ்வளர்ச்சியை நிறுத்தி, முதிரச் செய்து, உரிய நாளில் உதிரச் செய்கிறது. முட்டை வெளிப்படாத மாதத்தில் இரண்டாவது இயக்குநீர் இல்லை. உரமும் நீரும் பாய்ச்சிக்கொண்டே இருந்து அறுவடையே செய்யாத வயல்போல் உட்சவ்வு வளர்ந்துகொண்டே போகிறது. பின் ஒழுங்கின்றித் துண்டுதுண்டாக உதிர்கிறது. இரண்டு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்து மூன்றாம் மாதம் பதினைந்து நாள் பட்டது என்று பலர் கூறுவதன் பொருள் பெரும்பாலும் இதுவே.

ஆனால் இடைமாற்றக் காலத்தில் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவதும் தவறு. இடைவெளி நீண்டு, அளவு குறைந்து, மெல்ல மெல்ல நிற்பது இயல்பான போக்கு. 24 நாட்களுக்கும் குறைவான இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருவது, 8 நாட்களுக்கு மேல் நீடிப்பது, கட்டிகட்டியாகப் போவது, இரு மாதவிடாய்களுக்கு நடுவே படுவது, தாம்பத்திய உறவுக்குப் பின் படுவது ஆகியவை இயல்பின் எல்லைக்கு வெளியே உள்ளவை. 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு இவற்றுள் ஒன்று இருப்பினும் உட்சவ்வைப் பரிசோதிப்பதே முறை. அதற்கும் முன்னர் நாங்கள் செய்யும் ஒரு சிறு பரிசோதனை சிலரை நகைக்க வைக்கும்: கருத்தரிப்புக்கான சிறுநீர்ப் பரிசோதனை. 47 வயதிலும் கருத்தரிப்பு நிகழக்கூடும் என்பதால் அதனை விடுவதில்லை.

பழைய மருத்துவச் சீட்டுகளில் 'டி.யு.பி.' என்ற மூன்றெழுத்தைக் கண்டிருப்பீர்கள். காரணம் தெரியாத உதிரப்போக்கு எல்லாவற்றுக்கும் ஒருகாலத்தில் அப்பெயரே இடப்பட்டது. பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2011-இல் வெளியிட்ட வகைப்பாடு அச்சொல்லைக் கைவிட்டு, காரணங்களை ஒன்பதாகப் பிரித்தது. பாலிப், கருப்பைத் தசைக்குள் உட்சவ்வு ஊடுருவுதல், நார்த்திசுக் கட்டி, புற்றுநோயும் அதன் முன்நிலையும் ஆகிய நான்கும் ஸ்கேனிலோ திசுவிலோ கண்ணால் காணத்தக்கவை. இரத்த உறைதல் குறைபாடு, முட்டை வெளிப்படாமை, மருந்துகளின் விளைவு முதலிய ஐந்தும் அவ்வாறு காண இயலாதவை. உங்கள் சீட்டில் பழைய மூன்றெழுத்து மட்டுமே இருந்தால், காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை என்று பொருள்.

விழாவுக்கு முன் விழுங்கும் மாத்திரை

நம் ஊருக்கே உரிய ஒரு வழக்கத்தை இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் முன், மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி உட்கொள்வது பல குடும்பங்களில் சாதாரணமாகிவிட்டது. அது நாரெதிஸ்டிரோன் என்னும் மருந்து. புரோஜெஸ்டிரோன் வகையைச் சார்ந்தது. உட்கொள்ளும் வரை உட்சவ்வு உதிராமல் நிற்கும். நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் உதிரம் படும். கோயிலுக்கு எந்நாளில் செல்வது என்பது அவரவர் வழக்கமும் நம்பிக்கையும் சார்ந்தது. அதில் மருத்துவர் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 45 வயதைக் கடந்து, உதிரப்போக்கு ஒழுங்கு தவறிய பெண் இம்மாத்திரையைத் தாமாகவே உட்கொள்வது வேறு செய்தி.

பாலிப்பினாலோ, உட்சவ்வின் மிகை வளர்ச்சியினாலோ, அதனினும் கொடிய காரணத்தினாலோ படும் உதிரமும் இம்மாத்திரையால் சில வாரங்கள் அடங்கக்கூடும். அடங்கியதும் நோய் நீங்கிவிட்டதாகக் குடும்பமே எண்ணிவிடுகிறது. அடுத்த பௌர்ணமிக்கு மீண்டும் பத்து மாத்திரை. இவ்வாறு ஓராண்டு கழிந்துவிடுகிறது. காலில் இரத்தம் உறைந்த வரலாறு உடையவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் இதனை அறவே தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தவருக்கோ தள்ளிப்போட மாதவிடாய் என்று ஒன்றே இல்லை. அவருக்குப் பட்ட உதிரத்தை மாத்திரையால் அடக்கிவிட்டு மலையைச் சுற்றி வரலாம் என்று வீட்டார் அறிவுரை கூறலாகாது. பதினான்கு கிலோமீட்டர் நடை காத்திருக்கும். திசுப் பரிசோதனை காத்திருக்கலாகாது.

உதிரம் எங்கிருந்து வருகிறது

மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி இதுவே. மூலத்திலிருந்தும் சிறுநீர்த் தாரையிலிருந்தும் வரும் இரத்தத்தைக் கருப்பையிலிருந்து வந்ததாக எண்ணுவது முதியவரிடம் அரிதன்று. கருப்பை இறக்கம் நெடுங்காலமாக உள்ளவர்களுக்கு, வெளித்தள்ளிய பகுதி துணியில் உரசிப் புண்ணாகிக் கசியும். இறக்கத்தைத் தாங்க வைத்த வளையத்தை உரிய காலத்தில் கழற்றிச் சுத்தம் செய்யாதிருந்தாலும் புண்ணாகும். முப்பது வயதில் பொருத்திய காப்பர்-டி அறுபது வயதிலும் உள்ளேயே இருப்பதை ஸ்கேனில் கண்டு நோயாளியே வியப்பதும் உண்டு. கருப்பையை முன்பே அகற்றியவர்களுக்கும் பிறப்புவழியின் மேல்முனையிலிருந்து உதிரம் படலாம். 'எனக்குத்தான் கருப்பையே இல்லையே' என்று அவர்கள் வராமல் இருந்துவிடக் கூடாது.

மாதவிடாய் நின்ற பின் காணும் உதிரத்துக்கு மிகப் பெரும்பான்மையான காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புவழியும் உட்சவ்வும் மெலிந்து வறண்டுபோவதே. அடுத்தது பாலிப். எனினும், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கணக்கின்படி, இவ்வாறு உதிரம் படும் பெண்களில் ஏறத்தாழ பதினொருவரில் ஒருவருக்குக் கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. எஞ்சிய பத்துப் பேருக்கும் அது இல்லை என்பது ஆறுதல். ஆனால் அந்தப் பதினொருவரில் யார் அந்த ஒருவர் என்பதை முகத்தைப் பார்த்தோ உதிரத்தின் நிறத்தைப் பார்த்தோ சொல்ல எவராலும் இயலாது. அதே கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: இப்புற்றுநோய் வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உதிரப்போக்கே அதன் அறிகுறியாக இருந்தது. உடலுக்குள் மறைந்து வளரும் நோய்களுள் இத்தனை வெளிப்படையாக முன்னறிவிப்பவை சிலவே. கருப்பைக்குள் அடங்கியிருக்கும் நிலையிலேயே கண்டறியப்பட்டால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் நலமாக வாழ்கின்றனர்.

இடர் மிகுந்தவர் யார்? உடற்பருமன் முதலிடம் பெறுகிறது. சினைப்பை ஓய்ந்த பின்னும் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. அதனைத் தடுத்து நிறுத்தும் புரோஜெஸ்டிரோன்தான் இல்லை. நீரிழிவு, நெடுநாள் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, மகப்பேறின்மை, மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் உட்கொள்ளுதல், நெருங்கிய உறவினருக்குக் குடற்புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ இளவயதில் வந்திருத்தல் ஆகியன பிற. ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தனியே வாழும் மூத்த பெண்களுள் மணமாகாதவர்களும் துறவு மேற்கொண்டவர்களும் பலர். 'எனக்கு எதற்கு இந்தப் பரிசோதனை' என்று அவர்கள் கேட்பதுண்டு. மகப்பேறு இல்லாமையே ஓர் இடர்க் காரணி என்பதால் அவர்களுக்கே கூடுதல் கவனம் தேவை. வெளிநாட்டிலிருந்து வந்து இங்குக் குடியிருப்போர் சிலர் மாதவிடாய் நின்ற பின் தரப்படும் இயக்குநீர் மருந்துகளை உட்கொள்கின்றனர். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் நாள்தோறும் சேர்த்து உட்கொள்ளும் முறையில் முதல் ஆறு மாதங்களில் சிறு கசிவு ஏற்படுவது எதிர்பார்க்கத்தக்கதே. அதற்குப் பின்னும் தொடர்ந்தாலோ, நின்று மீண்டும் தொடங்கினாலோ, ஏனையோரைப் போலவே பரிசோதனை வேண்டும்.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

நேரில் பரிசோதித்துக் கருப்பைவாயைக் கண்ணால் பார்த்த பின்னரே ஸ்கேனுக்கு அனுப்புகிறோம். 'ஸ்கேன் எடுத்துவிட்டேன், சரியாக இருக்கிறது' என்று அறிக்கையோடு வருபவர்களையும் மீண்டும் பரிசோதனை மேசையில் படுக்கச் சொல்வது இதனால்தான். கருப்பைவாயின் மேற்பரப்பிலுள்ள சிறு புண் ஸ்கேனில் தப்பிவிடும்; விளக்கொளியில் கண்ணுக்குத் தெரியும்.

தண்ணீர் நிறையக் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு, வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனை எல்லோரும் அறிவர். உட்சவ்வைத் துல்லியமாக அளக்க அது போதாது. பிறப்புவழியாக எடுக்கும் ஸ்கேனே இதற்கு உரியது. இதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். விரலளவு பருமனுள்ள கருவியின் மேல் உறையிட்டு, வழுவழுப்பான களிம்பு தடவிச் செலுத்துவர். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடியும். பெண் செவிலியர் ஒருவர் உடனிருப்பார். மணமாகாதவர்களுக்கும், வறட்சியால் பிறப்புவழி மிகச் சுருங்கியவர்களுக்கும் இதனை வற்புறுத்துவதில்லை. வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன், மலக்குடல் வழியாக எடுக்கும் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றுள் பொருத்தமானதைத் தேர்ந்து, தேவைப்படின் மயக்கமருந்து கொடுத்த நிலையில் முழுப் பரிசோதனையும் ஒரே தடவையில் செய்துவிடலாம். உங்கள் தயக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்கும் எங்களுக்கு அதில் புதுமை ஏதுமில்லை.

அறிக்கையில் தேட வேண்டியது எண்டோமெட்ரியத்தின் தடிப்பு, அதாவது உட்சவ்வின் கனம். மாதவிடாய் நின்ற பின் உதிரம் பட்ட பெண்ணுக்கு இது 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக, தெளிவாகத் தெரியுமாறு இருந்தால், புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. முதல்முறை உதிரம் பட்டவருக்கு அந்நிலையில் திசு எடுக்காமல் கண்காணிக்கலாம். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அல்லது உட்சவ்வே சரியாகத் தெரியாவிட்டால், திசுப் பரிசோதனை வேண்டும். இங்கு இரண்டு குழப்பங்கள் அடிக்கடி நேர்கின்றன. அறிக்கையில் 9 மில்லிமீட்டர் என்று கண்டதும் புற்றுநோய் என்று அழுபவர்கள் உண்டு. தடிப்பு என்பது திசுவை எடுத்துப் பார் என்னும் கட்டளையே அன்றி நோயின் பெயர் அன்று. மற்றொன்று, இந்த 4 மில்லிமீட்டர் அளவுகோலை மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களுக்குப் பொருத்திப் பார்ப்பது. அவர்களுக்கு உட்சவ்வு மாதத்தின் நாளுக்கு நாள் மாறும். 10 மில்லிமீட்டர் இயல்பாகவும் இருக்கலாம். அவர்கள் விஷயத்தில் வயதும் இடர்க் காரணிகளும் உதிரப்போக்கின் போக்குமே முடிவு செய்கின்றன.

திசுவை எடுத்தல்

'பைப்பெல்' எனப்படும், சுமார் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கருப்பைக்குள் செலுத்தி உறிஞ்சியெடுப்பது எளிய முறை. மயக்கமருந்து தேவையில்லை, மாதவிடாய் வலிபோல் இழுத்துப் பிடிக்கும், சில நிமிடங்களில் அடங்கும், அன்றே வீடு திரும்பலாம். ஒரு மணி நேரம் முன்னதாக வலிநிவாரண மாத்திரை ஒன்றை எங்கள் ஆலோசனைப்படி உட்கொண்டு வந்தால் வலி இன்னும் குறையும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்ளும் இதய நோயாளிகள் அதனைத் தாமாக நிறுத்திவிட்டு வரலாகாது. எங்களிடம் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

உட்சவ்வு முழுதும் பரவிய நோயை இக்குழாய் நன்கு பிடித்துவிடும். ஓரிடத்தில் மட்டும் முளைத்த பாலிப்பையோ சிறு கட்டியையோ அது தவறவிடக்கூடும். அறைக்குள் விளக்கின்றிக் கைவிட்டுத் துழாவுவதற்கு ஒப்பானது அது. விளக்கோடு பார்ப்பது ஹிஸ்டிரோஸ்கோபி. மெல்லிய கேமராக் குழாய் மூலம் கருப்பையின் உட்பகுதி முழுவதையும் திரையில் கண்டு, ஐயமான இடத்திலிருந்தே திசுவை எடுப்பதோடு, பாலிப் இருப்பின் அதனை அப்போதே அகற்றவும் முடியும். ஸ்கேனில் ஓரிடத்து வளர்ச்சி தெரிந்தவர்களுக்கும், குழாய்ப் பரிசோதனை இயல்பென்று வந்தும் உதிரம் நிற்காதவர்களுக்கும் இதுவே ஏற்றது. மக்கள் 'சுத்தம் செய்தல்' என்று அழைக்கும் டி அண்ட் சி இன்றும் சில சமயம் தேவைப்படுகிறது. ஆனால் அது நோயைத் தீர்க்கும் சிகிச்சை அன்று. திசுவைச் சேகரிக்கும் வழி மட்டுமே. சுத்தம் செய்தாகிவிட்டது என்று நிம்மதி அடைந்து, எடுத்த திசுவின் அறிக்கையைப் பெறாமலே போய்விடும் குடும்பங்கள் உண்டு. செய்ததன் பயனே அந்த அறிக்கைதான்.

கருப்பைவாய்ப் பரிசோதனை வேறு

கருப்பைவாய்ப் புற்றுநோயும் இவ்வயதில் உதிரப்போக்காக வெளிப்படும். அதனை முன்கூட்டியே கண்டறிவதில் தமிழ்நாட்டுக்கு உலக அளவில் ஓர் இடம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவச் சமூக சுகாதார மையமும் அடையாறு புற்றுநோய் நிலையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று பார்த்தனர். ஆய்வகமோ பெரிய கருவியோ இல்லாத இந்த எளிய முறையால், ஒரே ஒருமுறை பரிசோதித்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த மரணங்கள் 35 விழுக்காடும் குறைந்தன. 2007-இல் வெளியான இம்முடிவு பல நாடுகளின் திட்டங்களுக்கு வழிகாட்டியது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இப்பரிசோதனை இலவசமாகக் கிடைக்கிறது.

இதனைப் பெருமையோடு சொல்லும்போதே அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பின், நோய் தொடங்கும் பகுதி கருப்பைவாயின் உட்புறம் ஒதுங்கிவிடுவதால் அமிலத் தடவல் முறை நம்பத்தக்கதாக இராது; பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனையே ஏற்றது. மேலும் இவை யாவும் அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கான முன்பரிசோதனைகள். கருப்பைவாயை மட்டுமே பற்றியவை. 'முகாமில் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்' என்பது கருப்பையின் உட்சவ்வைப் பற்றி எதையும் கூறவில்லை. உதிரம் பட்ட பெண்ணுக்கு முகாம்ச் சீட்டு விடையாகாது.

எடுத்துவிடலாமே என்பவர்களுக்கு

கருப்பையை அகற்றுதல் சிலருக்கு உயிர்காக்கும் அறுவை சிகிச்சை. பலருக்கு அது தேவையற்றதாகவும் நடந்துவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 50 வயதை எட்டாத இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்கு மேல் கருப்பையை இழந்திருந்தனர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இவ்விகிதம் மிக அதிகம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பெருமளவில் இவ்வறுவைக்கு உள்ளானது 2019-இல் நாடெங்கும் பேசப்பட்டது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022-இல் நெறிமுறைகளை வகுத்தது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

காரணம் கண்டறியாமல் அகற்றுவதில் இன்னொரு தீங்கு உண்டு. இது போதிய அளவு பேசப்படுவதில்லை. உள்ளே புற்றுநோய் இருப்பது முன்பே தெரிந்திருந்தால் அறுவையின் பரப்பே வேறு: நிணநீர்க் கணுக்களைப் பரிசோதிக்க வேண்டும், கருப்பையைத் துண்டாக்காமல் முழுதாக எடுக்க வேண்டும், சில நிலைகளில் அறுவைக்கு மாறாகக் கதிர்வீச்சே முதற்சிகிச்சை. சாதாரண அறுவை செய்து முடித்த பின் அறிக்கையில் புற்றுநோய் என்று வந்தால், இரண்டாம் அறுவையோ கூடுதல் கதிர்வீச்சோ தேவைப்படுகிறது. பத்து நாள் பொறுத்து ஒரு திசு அறிக்கையைப் பார்த்திருந்தால் அது தவிர்க்கப்பட்டிருக்கும்.

எதிர்த்திசையிலும் அதே அறிக்கை உதவும். மாறுபட்ட அணுக்கள் இல்லாத மிகை வளர்ச்சி என்று வந்தால், புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ, கருப்பைக்குள் பொருத்தும் இயக்குநீர்ச் சாதனமோ பெரும்பாலோருக்குப் போதும். இவ்வகை வளர்ச்சி இருபது ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசுவை மீண்டும் எடுத்துப் பார்ப்பது மட்டும் கட்டாயம். மாறுபட்ட அணுக்களோடு கூடிய வளர்ச்சி என்று வந்தால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்குக் கருப்பையை அகற்றவே பரிந்துரைப்போம். அப்போது தயங்க வேண்டாம். வறட்சியும் மெலிவுமே காரணம் என்றால் பிறப்புவழியில் தடவும் களிம்பே சிகிச்சை. புற்றுநோய் உறுதியானால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுவை ஜிப்மர், அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவற்றுள் குடும்பத்துக்கு ஏற்ற இடத்துக்குத் திசுவின் மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கொடுத்தனுப்புகிறோம். அவற்றைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

உடன் வருபவர்கள் கவனத்துக்கு

அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ, எவராயினும், நாட்காட்டியில் உதிரம் பட்ட நாட்களைக் குறித்து எடுத்து வாருங்கள். உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், சித்த மருந்து, ஹோமியோபதி, விழாவுக்கு வாங்கிய மாத்திரை உட்பட, அட்டையோடு கொண்டு வாருங்கள். பழைய ஸ்கேன் அறிக்கைகளும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் தேவைப்படும். உதிரம் பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்காக வருகையைத் தள்ளிப்போட வேண்டாம், அந்நிலையிலும் பரிசோதிக்கலாம். மகன் மட்டும் உடன் வந்திருந்தால் கேள்விகளின்போது அவரைச் சற்று வெளியே அமரச் சொல்வோம். மனம் நோக வேண்டாம். மணிக்கு ஒரு நாப்கின் முழுதும் நனையுமளவு பட்டாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, புறநோயாளி நேரத்துக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

திசு அறிக்கை வர ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். 'போதிய திசு இல்லை' என்று வந்தால் அது 'நோய் இல்லை' என்பதாகாது. உட்சவ்வு மெலிந்திருப்பின் அவ்வாறு வருவது இயல்பே. ஸ்கேனில் தடிப்பு இருந்தும் அவ்வாறு வந்தால் ஹிஸ்டிரோஸ்கோபி செய்ய வேண்டும். எல்லாம் இயல்பு என்றே வந்து, மூன்று மாதமோ ஓராண்டோ கழித்து மீண்டும் உதிரம் பட்டால், முதலில் கிடைத்த நல்ல அறிக்கை அதற்கும் செல்லும் என்று எண்ண வேண்டாம். மெல்லிய உட்சவ்விலும் அரிதாகத் தோன்றும் புற்றுநோய் வகைகள் உண்டு. அப்போது பழைய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இரண்டாம் முறை கேமரா வழியே பார்ப்பதிலிருந்தே தொடங்குவோம்.